அம்மாவின் பார்ன் சுவரில் ஒரு குவில்ட்

போன வருடம் செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மகளைக் கூட்டிக்கொண்டு சர்ப்பென்ட் மவுண்ட் பார்க்கக் கிளம்பினோம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டியிலிருந்து கிழக்கே 32ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து ஒன்றரை மணி நேரம் போனால் ஆடம்ஸ் கவுண்டி வந்துவிடும். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. பழங்குடி மக்கள் மண்ணைக் குவித்து, 1,300 அடிக்கு மேல் நீளமாக ஒரு பாம்பை அங்கே குன்றின் மேல் படுக்க வைத்திருக்கிறார்கள். அவசியம் பார்க்க வேண்டிய இடம். ஆனால் அன்றைக்கு என் மனத்தில் தங்கியது வேறொன்று.

திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டுவிட்டு வெஸ்ட் யூனியன் பக்கமாகச் சின்ன ரோடுகளில் வந்தோம். சோயா வெட்டுக்குத் தயாராகி மஞ்சளாக நின்றது. ஒரு வளைவில், பெயிண்ட் எல்லாம் உதிர்ந்து சாம்பல் நிறமாகிப்போன பழைய மர பார்ன் ஒன்று. தகரக் கூரை முழுக்கத் துரு. அதன் முகப்பில், கூரை கூம்பும் இடத்துக்குக் கீழே, எட்டடிக்கு எட்டடி சதுரப் பலகை ஒன்றில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக ஒரு நட்சத்திரம். அவ்வளவு சோர்ந்துபோன கட்டடத்தில் அவ்வளவு கறாரான கோடுகள். இரண்டு மைல் தள்ளி இன்னொரு பார்ன், வேறொரு வடிவம். "அம்மா, ரெண்டு" என்றாள் பின் சீட்டிலிருந்து மகள். வீடு வந்து சேர்வதற்குள் ஒன்பது எண்ணிவிட்டாள்.

பார்ன் என்பதைக் களஞ்சியம் என்று எழுதினால் பாதிதான் பொருந்தும். மாடு, வைக்கோல், டிராக்டர், தானியம், இந்த வட்டாரத்தில் புகையிலை எல்லாம் ஒரே கூரைக்கடியில் இருக்கும் பெரிய மரக் கட்டடம் அது. குவில்ட் என்பது துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டு மேல்துணியாக்கி, நடுவே பஞ்சு வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் நெருக்கமாகத் தையல் ஓட்டிய போர்வை. மேல்துணியில் திரும்பத் திரும்ப வரும் சதுர வடிவத்துக்கு பிளாக் என்று பெயர். அந்த ஒரு பிளாக்கைப் பெரிதாக்கிப் பலகையில் வரைந்து பார்ன் சுவரில் மாட்டினால், அது பார்ன் குவில்ட்.

வீட்டுக்கு வந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஏதோ நூறு, நூற்றைம்பது வருடப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. இது தொடங்கியது 2001இல், நாங்கள் சுற்றி வந்த அதே ஆடம்ஸ் கவுண்டியில். தொடங்கியவர் டோனா சூ குரோவ்ஸ் என்ற பெண். தொடங்கிய காரணம் அவருடைய அம்மா.

டோனா சூ வெஸ்ட் வர்ஜீனியாவில் வளர்ந்தவர். நீண்ட கார்ப் பயணங்களில் பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்க அம்மா மாக்சின் ஒரு விளையாட்டு வைத்திருந்தாராம்: வழியில் வரும் பார்ன்களை எண்ண வேண்டும், வகைக்குத் தகுந்த மதிப்பெண் உண்டு, மேலே விளம்பரம் எழுதிய பார்ன் என்றால் கூடுதல். இதைப் படித்தபோது என் மகள் "அம்மா, ரெண்டு" என்றது ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரும் சொல்லித்தராமலே இவளும் எண்ணினாள்.

மாக்சின் குவில்ட் தைப்பவர். அவருக்கு முந்தைய தலைமுறைப் பெண்களும் தைத்தவர்கள்தான். 1989இல் அம்மாவும் மகளுமாக ஆடம்ஸ் கவுண்டியில் ஒரு பண்ணை வாங்கினார்கள். அதில் ஒரு புகையிலை பார்ன் இருந்தது. பார்க்கச் சகிக்காத பார்ன். இதன் மேல் உனக்கு ஒரு நாள் குவில்ட் பிளாக் ஒன்று வரைந்து தருகிறேன் அம்மா என்று மகள் வாக்குக் கொடுத்தார். கொடுத்தாரே தவிர, பத்து வருடத்துக்கு மேல் அது வாக்காகவே இருந்தது. நம் எல்லோர் வீட்டிலும் அம்மாவுக்குச் சொல்லிவிட்டு நாள் தள்ளிக்கொண்டே போகிற ஒன்று இருக்கும் இல்லையா, அது போலத்தான்.

டோனா சூ அப்போது ஒஹாயோ மாநிலக் கலை மன்றத்தில் வேலை பார்த்தார். தெற்கு ஒஹாயோ ஊர்களுக்குப் போய், அங்கே இருக்கும் கலைகளை வளர்க்க உதவுவது வேலை. நண்பர்கள், சரி வா, அந்த வாக்கை இப்போது நிறைவேற்றலாம் என்று கிளம்பியபோது அவருக்கு இன்னொன்று தோன்றியிருக்கிறது. ஒரு பார்னோடு ஏன் நிறுத்த வேண்டும், கவுண்டி முழுக்க வரிசையாகப் போட்டால் பார்க்க ஆட்கள் வருவார்கள், வந்தால் சாப்பிடுவார்கள், கைவினைப் பொருள் வாங்குவார்கள், ஊருக்கு நாலு காசு வருமே என்று. 20 பார்ன்கள் என்று திட்டம் போட்டார்கள். முதலாவது, மான்செஸ்டர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மூலிகைப் பண்ணையின் பார்னில், 2001 அக்டோபரில், அங்கே நடந்த திருவிழாவில் திறந்து வைக்கப்பட்டது. வடிவம் ஒஹாயோ ஸ்டார். அதாவது, அம்மாவுக்குச் சொன்னது முதலில் ஊரார் சுவருக்குப் போனது. மாக்சினின் சொந்த பார்னுக்கு அதற்கப்புறம்தான் வந்தது, நத்தையின் தடம் என்று பெயருள்ள ஸ்னெயில்ஸ் டிரெயில் பிளாக்.

இந்தக் கதையில் எல்லோரும் "எவ்வளவு அழகான யோசனை, சுற்றுலா வளர்ந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்கும் மேலே ஒன்று முக்கியமாகப் படுகிறது. பார்ன் சுவரில் அதுவரைக்கும் எழுதப்பட்டவை என்னென்ன என்று பாருங்கள். குடும்பப் பெயர், அதாவது ஆணின் பெயர். கட்டிய வருடம். அப்புறம் விளம்பரம். அந்தக் குடும்பத்துப் பெண் செய்த எதுவும் அந்தச் சுவரில் வந்ததில்லை. அவள் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்தது வீட்டுக்குள் கட்டில் மேல் கிடந்தது, இல்லையென்றால் மரப்பெட்டிக்குள் மடிந்து கிடந்தது. விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவாள். அதை எடுத்து, பண்ணையிலேயே பெரிய சுவரில், ரோட்டில் போகிற முன்பின் தெரியாதவருக்கும் கண்ணில் படும்படி ஒரு மகள் ஏற்றினார். பாரம்பரியம் என்று இதைச் சொல்வதானால் இந்தக் காரணத்துக்காகத்தான் சொல்லலாம் என்பது என் எண்ணம். பலகைக்கு இன்னும் இருபத்தைந்து வயதுகூட ஆகியிராத ஊர்களே அதிகம். பலகை மேல் இருக்கும் வடிவத்துக்கு வயது அதிகம், அந்த வடிவத்தைக் கைமாற்றித் தந்த பெண்களின் பெயர்தான் பாதிக்கு மேல் யாருக்கும் தெரியாது.

விளம்பரம் என்றேனே, அதையும் சொல்ல வேண்டும். வெஸ்ட் வர்ஜீனியாவின் வீலிங் நகரத்தில் இருந்த ஒரு மெல்லும் புகையிலை கம்பெனியின் சரக்கு மெயில் பவுச். ரோட்டைப் பார்த்திருக்கும் பார்ன் சுவரில் அதன் பெயரைக் கறுப்புப் பின்னணியில் மஞ்சளும் வெள்ளையுமாக எழுதிக்கொள்வார்கள். விவசாயிக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும், மீதிச் சுவருக்கும் பெயிண்ட் கிடைக்கும், மரம் உளுத்துப்போகாமல் இருக்கும். ஹார்லி வாரிக் என்று ஒருவர், ஒஹாயோவின் பெல்மான்ட் கவுண்டிக்காரர், இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்து இந்த வேலையில் சேர்ந்தவர், வாழ்நாளில் 20,000க்கும் மேற்பட்ட பார்ன்களில் எழுதியிருக்கிறார். கோடு போட்டுக்கொள்வதில்லை, அளவு எடுப்பதில்லை, கைப்போக்கிலேயே எழுதிவிடுவாராம். 1965இல் நெடுஞ்சாலை அழகுச் சட்டம் வந்து ரோட்டோர விளம்பரங்களை அகற்றச் சொன்னபோது இவையும் போயிருக்க வேண்டியவை. 1974இல் அடையாளச் சின்னங்கள் என்று விலக்குக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். இன்றும் சில மங்கலாக நிற்கின்றன, அவற்றைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த எழுத்துக்கு உரியவர் வேறு ஊரில் இருந்த கம்பெனிக்காரர். குவில்ட் பிளாக் அந்தப் பண்ணையின் சொந்தப் பொருள்.

பென்சில்வேனியாவில் ஜெர்மானிய வம்சாவளி விவசாயிகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பார்ன்களில் வட்டத்துக்குள் நட்சத்திரம் வரைந்து வந்திருக்கிறார்கள். ஹெக்ஸ் சைன் என்று அதற்குப் பெயர் வந்தது பின்னாளில்தான். பலரும் அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள், அதை வரைந்தது ஆமிஷ் மக்கள், அதாவது நவீன வசதிகளைத் தவிர்த்து எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகத்தினர், என்றும் சொல்லிவிடுகிறார்கள். ஆமிஷ்காரர்கள் அதை வரைவதில்லை, வரைந்தது லூத்தரன், ரிஃபார்ம்டு சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்கள். ஆடம்ஸ் கவுண்டியிலும் வீட் ரிட்ஜ் பக்கம் ஆமிஷ் குடும்பங்கள் உண்டு. அவர்கள் தைக்கும் குவில்ட் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும், பார்ன் மட்டும் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.

இப்போது புகையிலைக்கு வருகிறேன். அது தெரியாமல் இந்த பார்ன்கள் ஏன் இப்படிக் காலியாக நிற்கின்றன என்பது புரியாது.

ஆடம்ஸுக்கு அடுத்த கவுண்டி பிரவுன். 1864இல் அங்கே ஒரு பண்ணையில்தான் வெளிர் நிறத்தில் முளைத்த புகையிலை நாற்றைக் கவனித்து வளர்த்து, வொயிட் பர்லி என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். ஒஹாயோ ஆற்றின் இரண்டு கரையிலும், கென்டக்கி முழுக்கவும் அது பரவியது. பர்லிக்குச் சூடு காட்ட வேண்டாம், காற்றில் காய வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் செடியை அடியோடு வெட்டி, நாலரை அடி நீளக் குச்சியில் ஐந்தாறு செடிகளைக் குத்திக் கோர்த்து, பார்னுக்குள் தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கடுக்காக இருக்கும் குறுக்கு மரங்களில் தொங்கவிடுவார்கள். ஆட்கள் காலை அகட்டி ஆளுக்கொரு அடுக்கில் நின்றுகொண்டு கீழேயிருந்து மேலே கைமாற்றிக்கொண்டே போக வேண்டும், மேல் அடுக்கில் நிற்பவருக்குத் தகரத்தின் அனல் முதுகில். பக்கச் சுவரில் நெட்டுக்குத்தாக இருக்கும் திறப்புப் பலகைகளை வெயில் நாளில் திறப்பார்கள், மழை ஈரத்தில் சாத்துவார்கள். பச்சை இலை மஞ்சளாகி, பழுப்பாக ஆறு, எட்டு வாரம். அப்புறம் ஈரக்காற்று அடிக்கிற ஒரு நாளுக்காகக் காத்திருந்து இறக்குவார்கள், ஏனென்றால் காய்ந்த இலையைத் தொட்டால் பொடிந்துவிடும். இலையை உருவித் தரம் பிரித்து விற்ற காசுதான் கிறிஸ்துமஸ், கடன், பள்ளிக்கூடச் செலவு எல்லாம். பத்து ஏக்கர்கூட வேண்டாம், இரண்டு மூன்று ஏக்கர் புகையிலை ஒரு குடும்பத்தைத் தாங்கியது.

யார் எவ்வளவு பயிரிடலாம் என்ற ஒதுக்கீடும் விலை உத்தரவாதமும் 1930களிலிருந்து இருந்தன. 2004இல் ஒரு சட்டம் போட்டு அரசு அதை நிறுத்தியது, ஒதுக்கீடு வைத்திருந்தவர்களுக்குப் பத்து வருடத் தவணையில் பணம் கொடுத்து முடித்தது. சின்ன விவசாயிகள் பலரும் அத்தோடு புகையிலையை விட்டார்கள். உடம்புக்குக் கேடு செய்யும் பயிர் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த பார்ன்கள் அந்த ஒரு பயிருக்காகவே அளவெடுத்துக் கட்டப்பட்டவை. வைக்கோல் வைக்க அவ்வளவு உயரம் தேவையில்லை, அந்த அடுக்கு மரங்களுக்கு நடுவே இன்றைய பெரிய டிராக்டர் நுழையாது. வேலை போன கட்டடத்துக்கு யார் கூரை மாற்றுவார்கள்? கூரையில் ஒரு தகரம் பெயர்ந்தால் தண்ணீர் இறங்கும், நாலைந்து வருடத்தில் உத்தரம் உளுக்கும், ஒரு காற்று மழையில் மொத்தமும் சாய்ந்துவிடும். இந்த நேரத்தில் வந்து சேர்ந்தவைதான் குவில்ட் பலகைகள். பலகை மாட்ட வேண்டுமென்றால் முன்சுவர் நேராக நிற்க வேண்டும், அதற்காகவே ஆணி அடித்து முட்டுக்கொடுத்த பார்ன்கள் இருக்கின்றன. பலகை எல்லா பார்னையும் காப்பாற்றிவிடாதுதான். ஆனால் இடிக்கலாமா என்று யோசிக்கிற கை ஒரு நிமிடம் தயங்குவதற்கு அது ஒரு காரணம்.

ஆடம்ஸுக்கு அப்புறம் பக்கத்துக் கவுண்டிகள், டென்னசி, கென்டக்கி, அயோவா என்று வேகமாகப் பரவியது. இப்போது 40க்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் கனடாவிலும் இருக்கின்றன. விஸ்கான்சினில் ஷவானோ கவுண்டி 2010இல் ஆரம்பித்து 300ஐத் தாண்டிவிட்டது. இதை நடத்த ஒரு தலைமை அலுவலகம் கிடையாது, கட்டணமும் கிடையாது. டோனா சூ யார் கேட்டாலும் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். மின்சாரம் வழங்கும் உள்ளூர்க் கூட்டுறவு அமைப்புகள் கூண்டு வைத்த லாரியைக் கொண்டுவந்து நிறுத்த, தீயணைப்புக்காரர்கள் ஏறி மாட்டிக் கொடுத்தது பல ஊர்களில் நடந்திருக்கிறது. அலபாமாவில் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்து குவில்ட் தைத்துவந்த கீஸ் பெண்ட் ஊரிலும் ரோட்டோரம் பலகைகள் நிற்கின்றன. அந்த குவில்ட்களின் படம் 2006இல் அமெரிக்கத் தபால்தலையாகவே வந்தது. நான் இன்னும் போனதில்லை, போக வேண்டும்.

பிளாக்குகளின் பெயர்களைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. கரடிப் பாதம், பறக்கும் வாத்துகள், உடைந்த தட்டுகள், மரவீடு, குடிகாரன் வழி, மோர் கடையும் மத்து. இந்த மத்து பிளாக்கையே இன்னொரு ஊரில் குரங்கு ஸ்பானர் என்பார்கள், இன்னொரு ஊரில் பார்ன் கதவில் ஓட்டை என்பார்கள். எல்லாம் அந்தப் பெண்களின் கையிலும் கண்ணிலும் தினம் பட்ட பொருள்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வடக்கே ஓடியவர்களுக்கு இந்த வடிவங்கள் ரகசியக் குறியீடாக இருந்தன, வேலியில் காயப்போட்ட குவில்ட்டைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை பலகைகளின் பக்கத்திலேயே சொல்லப்படுகிறது. 1999க்குப் பிறகு பரவிய கதை இது. வரலாற்று ஆய்வாளர்கள் இதற்கு ஆதாரம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இதில் கோபமே வரும், ஏனென்றால் உண்மையாக நடந்தது அதே ரோட்டில் இருக்கிறது. ஆடம்ஸுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் ரிப்ளி என்ற சின்ன ஊர். ஜான் ரேங்கின் என்ற பாதிரியாரின் வீடு அங்கே குன்றின் மேல் இன்றும் இருக்கிறது, தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த வீடு. தானே அடிமையாக இருந்து காசு கொடுத்து விடுதலை வாங்கிய ஜான் பார்க்கர் அதே ஊரில் இரும்பு வார்ப்பு ஆலை வைத்திருந்தவர், இரவில் படகை எடுத்துக்கொண்டு கென்டக்கிக் கரைக்குப் போய் ஆட்களைக் கூட்டி வந்தவர். பெயரும் வீடும் சாட்சியும் உள்ள மனிதர்களை விட்டுவிட்டு இல்லாத குறியீட்டை ஏன் சொல்ல வேண்டும்.

சரி, பலகைக்கு வருவோம். இந்த வசந்தத்தில் எங்கள் பக்கத்து நூலகத்தில் ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள், நானும் மகளும் போனோம். இரண்டடிக்கு இரண்டடிப் பலகை. பார்னுக்கு என்றால் நாலுக்கு எட்டு அடிப் பலகை இரண்டைச் சேர்ப்பார்கள். சாதாரண பிளைவுட் ஆகாது, விளம்பரப் பலகைக்காரர்கள் வாங்கும், மேலே வழவழப்பான தாள் ஒட்டிய எம்.டி.ஓ. பலகைதான் வெயில் மழைக்கு நிற்கும். முன்னும் பின்னும் பிரைமர் இரண்டு தடவை, பக்க ஓரங்களில் இன்னும் ஒரு தடவை, தண்ணீர் எப்போதும் ஓரம் வழியாகத்தான் உள்ளே போகும்.

நாங்கள் எடுத்தது ஒஹாயோ ஸ்டார். முதல் பலகையும் அதுதான் என்பதால் நான் பிடிவாதமாக இருந்தேன். கணக்கு சுலபம். 24 அங்குலத்தை மூன்றாகப் பிரித்தால் எட்டு எட்டாக ஒன்பது கட்டம். நடுக்கட்டமும் நாலு மூலைக் கட்டமும் முழுசு. மிச்சம் நாலு கட்டத்தில் குறுக்கே இரண்டு மூலைவிட்டம் போட்டால் ஒவ்வொன்றிலும் நாலு முக்கோணம். அதில் எதிரெதிர் இரண்டுக்கு வண்ணம் கொடுத்தால் நட்சத்திரத்தின் எட்டு முனையும் வந்துவிடும். எட்டடிப் பலகைக்கும் இதே கணக்கு, கட்டம் மட்டும் 32 அங்குலம். துணியில் இவ்வளவு சுலபமில்லை என்றார் சொல்லிக்கொடுத்த பெண்மணி, எழுபது வயதிருக்கும். துணியில் ஒவ்வொரு துண்டுக்கும் எல்லாப் பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு வெட்ட வேண்டும், அந்தக் கால் அங்குலம் ஓர் இடத்தில் நூலளவு நகர்ந்தாலும் நட்சத்திரத்தின் முனை தையலுக்குள் போய் மொட்டையாகிவிடும். பதினாறு முக்கோணம், ஐந்து சதுரம், ஆக 21 துண்டு ஒரே பிளாக்குக்கு, அந்த மாதிரி இருபது முப்பது பிளாக் ஒரு போர்வைக்கு. மின்விளக்கு இல்லாத வீட்டில். நினைத்துப் பாருங்கள்.

முதலில் பலகை முழுக்க வெள்ளை. காய்ந்ததும் பென்சிலில் கோடு, கோட்டை ஒட்டி டேப். டேப் ஒட்டியதும் நேராகச் சிவப்பை அடிக்கக் கூடாது, டேப்பின் விளிம்பில் மறுபடி அதே வெள்ளையைத் தடவிக் காயவிட வேண்டும். டேப்புக்கு அடியில் எங்கே சந்து இருக்கிறதோ அங்கே வெள்ளையே போய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் சிவப்பு உள்ளே நுழைய வழியில்லை. மகள் இதைப் பொறுமையாகச் செய்தாள். நான் நேரமாகிறதே என்று என் பக்கத்து இரண்டு முக்கோணத்தில் இதை விட்டுவிட்டேன், டேப்பை உரித்தபோது சிவப்பு ரோமக்கால் மாதிரி வெள்ளைக்குள் ஓடியிருந்தது. அந்தப் பெண்மணி ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகக் காயட்டும் என்று விட்டு, மறு பக்கத்தில் டேப் ஒட்டி, மெல்லிய பிரஷால் வெள்ளையை இரண்டு தடவை இழுத்துக் காட்டினார். கிட்டே போனால் மட்டும் ஒரு சின்ன மேடு விரலில் படுகிறது.

போன மாதம் மறுபடி ஆடம்ஸ் பக்கம் போயிருந்தோம். பார்ன்கள் எல்லாம் சொந்தக்காரர்களின் இடம், ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டு வருவதுதான் முறை. கரடிப் பாதம் போட்ட ஒரு பார்னுக்கு எதிரே ஓரமாக வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, தபால் பெட்டியைப் பார்க்க வந்த அந்த வீட்டு அம்மா எங்களைப் பார்த்துக் கையசைத்தார். பேச்சுக் கொடுத்தோம். அது அவருடைய அம்மா தைத்த வடிவம் என்றதும், என் மகள் கொஞ்சமும் யோசிக்காமல் "அந்த குவில்ட் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டாள். வாருங்கள் என்றார்.

பெட்டிக்குள்ளிருந்து தலையணை உறை ஒன்றில் சுற்றி வைத்ததை எடுத்துக் கட்டிலில் விரித்தார். 1930களின் பொருளாதார மந்த காலத்தில் மாவும் தீவனமும் பூப்போட்ட துணி மூட்டையில் வரும், அந்த மூட்டைத் துணியைப் பிரித்துத் தைத்தது. பூக்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு. சிவப்பு மட்டும் காசு கொடுத்து வாங்கிய துணியாம், அதனால்தான் பாதத்துக்கு மட்டும் அது. பார்ன் பலகையில் அந்தச் சிவப்பு பன்னிரண்டு வருட வெயிலில் ரோஜா நிறமாகிவிட்டது. துணியில் அப்படியே இருந்தது. அவர் ஓரத்தைப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினார். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், ஓர் அங்குலத்துக்குள் எட்டு, ஒன்பது தையல். ஓர் இடத்தில் தையல் திடீரென்று பெரிசு பெரிசாக, கோணலாக ஒரு சாண் தூரம் ஓடி மறுபடி சரியாகிறது. "அது நான்" என்றார். "ஏழு வயது. அம்மா பிரிக்கவே இல்லை."

மகள் அந்த ஒரு சாணையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

வெளியே வந்து பார்னைச் சுற்றிக் காட்டினார். கடைசிப் புகையிலை தொங்கிய குச்சிகள் இன்னும் ஒரு மூலையில் கட்டுக்கட்டாகச் சாய்த்து வைத்திருக்கின்றன. பலகைக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று பேரன் சொல்லிக்கொண்டிருக்கிறானாம், ஆனால் முதலில் கூரை, மேற்குப் பக்கம் மூன்று தகரம் போய்விட்டது, தகரம் வாங்கி வந்தாயிற்று என்று சுவரோரம் கைகாட்டினார். அக்டோபரில், மழை பிடிப்பதற்குள் ஏற்றிவிடுவார்களாம். ஏணி பிடிக்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம் என்று என் கணவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.